கூடல்நகர் அவுட்டர்

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது.
பாட்டு ஓடுகிறதாம், பணம் சேர்ந்திருக்கிறதாம்,
ஆக்கியவர் யார் என்று உறுதி செய்ய வேண்டுமாம்.
அவர்களிடம் இருந்தது என் பெயர்.
தொண்ணூற்று நாலில் கேசட் உறையில்
நானே போட்டுக்கொண்ட பெயர்.
அப்போது என்னிடம் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது,
அதில் மூன்று கம்பிகள் இருந்தன.
இப்போது டவுன்ஹால் ரோட்டில்
செல்போன் உறை விற்கிறேன்.

கடைப்பையனின் ரிங்டோன் அந்தப் பாட்டுதான்.
'உப்புக்காகிதம்' குழு, கண்ணை மூடிக்கொண்டு,
*கூடல்… நகராதே…* என்று உருகுகிறது.
நிலவொளி, ஈரக்கூந்தல், முப்பது வயலின்.
கூடலாம், அது நகரக் கூடாதாம்.

அவர்கள் எடுத்தது பெங்களூர் 'ஒன்பதாவது கிராஸ்' பாடியதிலிருந்து.
அந்தப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது,
காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிவைத்துப் பாடினார்கள்.
அவர்கள் எடுத்தது 'வெயில் கம்பெனி' கேசட்டிலிருந்து.
அது நாங்கள்.
சிம்மக்கல்லில் ஒரு மாடி, முட்டை அட்டை ஒட்டிய சுவர்,
சாந்தாராம் லீடு வாசிக்க நான் கத்தினேன்:

*கூடல்நகர் வந்தாச்சு, வண்டி நகராதே*
*ஆபீசு தொறந்தாச்சு, கைகாட்டி எறங்காதே*
*செவப்பு மையில என் பேரு*

அதற்குப் பிறகு நாலு தட்டு
ஒன்றுமே இருக்காது.
அந்த நாலு தட்டை எல்லாக் குழுவும் காப்பாற்றி வைத்திருக்கிறது.
அந்த மௌனத்தில் பிரபஞ்சம் கேட்கிறது என்று
ஒருத்தர் கட்டுரை எழுதினார்.
நான் சிரித்தேன். பழைய டேப்பில் கரண்ட் போயிருக்கும் என்பது
இத்தனை வருஷமும் என் கணக்கு.

பழைய டேப் ரயில்வே காலனியுடையது.
'லோகோ ஷெட் பாய்ஸ்', எண்பத்தைந்து.
டிரம்மர் செல்வின் டிக்ரூஸ் அரசரடியில் இருக்கிறார்,
முட்டி மாற்றி நாலு மாசம்.
போட்ட பேரை அழிக்க வந்திருக்கிறேன் என்றேன்.
முதலில் பிஸ்கட் எடுத்துக்கச் சொன்னார்.
"கரண்டெல்லாம் போகலப்பா, பேட்டரியிலதான் எடுத்தோம்.
அதுவும் எங்க பாட்டு இல்ல.
பியூலான்னு ஒரு டைப்பிஸ்ட் குடுத்துச்சு.
அங்குட்டு, திருநகர்ல இருக்கும், கேட்டுப் பாரு."

பெண் பார்க்கப் போன அன்று
இதைப் பாடிக் காட்டி, நான் எழுதியது என்று
சொல்லியிருக்கிறேன்.
திருநகர் போகும் பஸ்ஸில் அது ஞாபகத்துக்கு வந்து
ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

பியூலா மேடம் ரேடியோவை அணைக்காமலே பேசினார்.
திண்டுக்கல் பாசஞ்சர், சீசன் டிக்கெட், எண்பத்து மூன்று.
"சோழவந்தான்ல ஒருத்தர் ஏறுவாப்ல.
சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் கம்பியில தட்டிக்கிட்டே
இதைப் பாடிக்கிட்டு வருவாப்ல.
கூடல்நகர் அவுட்டர்ல தினமும் வண்டி நின்னுரும்.
அரைமணி, முக்கால் மணி.
லேட்டாப் போனா ரிஜிஸ்டர்ல செவப்பு மை.
அவரு பொறுக்க மாட்டாப்ல.
மூணாவது வரி வந்ததும் டப்பாவைக் கக்கத்தில வச்சுக்கிட்டு
ஜல்லியில குதிச்சுப் போயிருவாப்ல.
நாலாவது வரியை நாங்க யாரும் கேட்டதில்ல."

பேர்?
"கேக்கணும்னு தோணல.
கேட்டிருந்தா எந்த ஆபீசுன்னுதான் கேட்டிருப்பேன்."

அன்று ராத்திரி படிவத்தை நிரப்பினேன்.
என் பெயரை அடித்தேன். சிவப்பு மை பேனாதான் கிடைத்தது.
ஆக்கியவர்: சோழவந்தானில் ஏறியவர்.
முகவரி: கூடல்நகர் அவுட்டர், தண்டவாளத்துக்கு இடப்பக்கம்.

எட்டு நாளில் பதில் வந்தது:
பான் எண் கட்டாயம்.

கடையில் நின்றுகொண்டுதான் படித்தேன்.
பையனின் போன் அடித்தது.
*என் பேரு* வரைக்கும் வந்து
நாலு தட்டுக்கு வாய் மூடிக்கொண்டது.
கட் ஆயிருச்சு என்று நினைத்து
அவன் திரும்பவும் பையில் போட்டான்.